காணுதலும் கவனித்தலும்: மனச்சிதைவு நோயாளரின் கட்புலன் பற்றிய சில குறிப்புகள்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றை எழுதுதற்கு எம்மினும் மூத்தோர் உளர் என்பதை நினைந்து, உளநூற்றுறையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். மனச்சிதைவு என்னும் நோய்க்கு ஆளானோர் உலகை எவ்வாறு காண்கின்றனர், காண்பனவற்றுள் எதனைக் கவனிக்கின்றனர் என்பதே அப்பொருள். விழாக் காலத்துக்கு இது பொருந்துமோ என ஐயுறுவோர் இருக்கலாம். ஆயின், இந்நோய் பலரிடம் முதன்முதல் தலைகாட்டும் வயது, எம் கல்லூரியின் மேல்வகுப்புகளில் மாணவர் அமர்ந்திருக்கும் வயதும் அதனையடுத்த சில ஆண்டுகளுமே ஆகும். அதன் முதற் சாயலைக் காண்போருள் ஆசிரியரும் ஒருவர். ஆதலின் இங்கு எழுதுதல் தகும் எனத் துணிந்தோம்.

பதுளையிலிருந்து நமுணுகுல மலைச்சரிவில் ஏறிச் செல்லும் பாதையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தைக் கண்டிராத பழைய மாணவர் மிகச் சிலரே இருப்பர். எம் மாணவருட் பலர் அத்தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர். அங்கே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கண்ணை ஒருமுறை கூர்ந்து நோக்குக. ஒரு தேயிலைச் செடியின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான இலைகள் உள. முற்றியது, முற்றாதது, பூச்சி அரித்தது, மழைத்துளி தங்கியது எனப் பலவாயினும் யாவும் பச்சை. அவற்றினிடையே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய் நிற்கும் தளிரை மட்டும் கண் தேர்கின்றது. தேர்ந்த கணமே விரல் கிள்ளுகின்றது. விரல் கிள்ளி முடிக்குமுன்னரே கண் அடுத்த தளிருக்குச் சென்றுவிடுகின்றது. மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்ப்பதும், கங்காணியாருக்கு மறுமொழி சொல்வதும், பக்கத்து நிரையில் நிற்பவரோடு வீட்டுக் கதை பேசுவதும் இதற்கிடையே நடைபெறும். விட்டுவந்த இலைகள் எப்படியிருந்தன என்று அவரைக் கேட்டால், தாம் அவற்றைப் பார்க்கவேயில்லை என்பார். அவை கண்ணில் விழாமலில்லை. விழுந்தும் தள்ளப்பட்டன. இவ்வாறு தள்ளுதல் கவனத்தின் பாதி வேலையாகும். தள்ளத் தெரியாத கண்ணுக்கு அந்த நிரை மாலைவரை முடியாது. நாளின் இறுதியில் அரைப்பேர்தான் கிடைக்கும்.

கண்ணில் ஒளி வந்து விழுதலைப் புலனுணர்வு என்றும், விழுந்ததை இன்ன பொருளென அறிதலைப் புலக்காட்சி என்றும் உளநூலார் பிரித்துரைப்பர். பொறி தானாக எதனையும் அறியாது, அதற்கு அப்பால் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணங்கள் நான்கு உள என்று சமய பாடத்திற் படித்த மாணவருக்கு இப்பிரிவு புதியதன்று. கயிற்றரவு என்னும் பழைய உவமையையும் அவர் அறிவர். மங்கலொளியிற் கிடந்த கயிறு பாம்பாகத் தோன்றியது கண்ணின் குற்றமன்று. குறையாய் வந்த செய்தியை மனம் தன் பழைய அறிவைக்கொண்டு நிரப்பிவிட்டது. காட்சி என்பது பாதி வரவும் பாதி ஊகமும் ஆகும் என்று இக்கால ஆய்வாளரும் கூறுவர். இதனைக் காட்டி, இன்றைய ஆய்வெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே எனப் பெருமை பேசுதல் எம் கருத்தன்று. உவமை எளிதில் விளங்கும் என்பதற்காகவே எடுத்தோம்.

இனி நோய்க்கு வருவோம். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பிலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைத் தனியொரு நோயாக வகுத்தார். சுவிற்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் புளூலர் 1908ஆம் ஆண்டில் இதற்கு 'ஸ்கிசொபிரீனியா' எனப் பெயரிட்டார். பிளவுபட்ட மனம் என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். தமிழில் மனச்சிதைவு என்றும் உளப்பிளவு என்றும் வழங்குவர். ஒருவருக்குள் இருவர் குடியிருப்பதாகத் திரைப்படங்கள் காட்டுவது வேறு. எண்ணமும் உணர்ச்சியும் கவனமும் ஒன்றோடொன்று இயைந்து ஓடாமையே இங்குப் பிளவு எனப்பட்டது. பிறர் கேளாத குரல் கேட்டல், தன்னைச் சூழ்ந்து சதி நடக்கின்றதென உறுதியாய் நம்புதல், பேச்சுத் தொடர்பறுதல், ஒதுங்கியிருத்தல் ஆகியன ஊரார் அறிந்த குறிகள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வளர்ந்தோரை மட்டும் எடுத்தால் 222 பேருக்கு ஒருவர். ஒரு பெருந்தோட்டத்தில், ஒரு கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலில், இத்தொகை எத்தனை பேரைக் குறிக்கும் என்பதை வாசிப்போரே கணக்கிட்டுக்கொள்க.

கவனம் சிதைதலைக் கிரேப்பிலினே குறித்து வைத்தார். நோயாளர் தாமாக ஒன்றின்மேற் கவனத்தை நிறுத்தும் ஆற்றலை இழக்கின்றனர். அதே வேளையில் தற்செயலாய் எதிர்ப்படும் ஒன்று அவர் கவனத்தை வலிந்து இழுத்துக்கொள்கின்றது. இவை ஒரு குறையின் இரு பக்கங்கள். ஆயினும் நோயாளரின் வாய்மொழியிலிருந்தே இதனை ஒழுங்காய்க் கேட்டறிந்து வெளியிட்டவர்கள் ஸ்கொத்லாந்தின் மக்கீயும் சாப்மனும் ஆவர். அவர்தம் கட்டுரை 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயின் தொடக்கத்திலிருந்த இளைஞரிடம் அவர் பொறுமையாய்ப் பேசியிருந்து கேட்டனர். எல்லா ஓசையும் எல்லாக் காட்சியும் ஒரே வேளையில் ஒரே வலுவோடு வந்து மோதுவதாகவும், ஒன்றைக் கேட்கும்போது மற்றதை விலக்க இயலவில்லை எனவும், நிறங்களும் ஒலிகளும் கூர்மையாகிவிட்டன எனவும், ஒரு முகத்தைப் பார்த்தால் கண் வேறு மூக்கு வேறாய்த் துண்டுபட்டுத் தெரிவதாகவும் அவர்கள் கூறினர். நடத்தல், மாடிப்படி இறங்குதல் போன்ற தானாய் நிகழும் செயல்களையும் ஒவ்வொன்றாய் எண்ணிச் செய்யவேண்டியிருப்பதாகச் சிலர் சொல்லினர். தள்ளும் வேலை நின்றுபோன நிலை இதுவே. கொழுந்து பறிப்பவரின் கண்ணுக்கு ஒவ்வோர் இலையும், ஒவ்வோர் ஓட்டையும், ஒவ்வொரு துளியும் கொழுந்தைப் போலவே முக்கியமாய்த் தோன்றிற்று எனக் கொள்க. அவர் என் செய்வார்?

முக்கியமல்லாதது முக்கியமாய்த் தோன்றுதல் என்னும் இக்கருத்தை 2003ஆம் ஆண்டில் ஷிதிஜ் கபூர் என்னும் இந்திய வம்சத்து மருத்துவ அறிஞர் மேலும் விரித்துரைத்தார். மூளையில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருள், காண்பனவற்றுள் எது பொருட்படுத்தத்தக்கது என்று முத்திரையிடும் வேலையைச் செய்கின்றது. இந்நோயில் அது வேளையல்லா வேளையிற் சுரந்து, வெறுமனே வீதியிற் செல்லும் வாகனத்தின்மேலும், அயலவரின் இருமலின்மேலும் அம்முத்திரையைக் குத்திவிடுகின்றது. முத்திரை விழுந்தபின் மனம் சும்மா இராது, காரணம் தேடும். அவ்வாகனம் ஏன் எனக்கு முக்கியமாய்த் தோன்றுகின்றது? அது என்னைத் தொடர்கின்றது போலும். இவ்வாறு பிறக்கும் விடையே ஊரார் பைத்திய எண்ணம் என்று நகைக்கும் நம்பிக்கை. இக்கொள்கை நோய் முழுவதையும் விளக்குமென யாம் நினைக்கவில்லை. ஆயினும் நோயாளரின் பேச்சைக் கேட்டிருந்தோர் இதன் உண்மையை உணர்வர். அவர் முட்டாள்தனமாய் எண்ணவில்லை. பிழையாய் வந்த செய்தியின்மேல் ஒழுங்காகவே எண்ணுகின்றார்.

கண்ணின் அசைவையும் ஆய்வாளர் அளந்துள்ளனர். தெமோதர நிலையத்தில் நின்று, மலையைச் சுற்றி வளைந்து நிலையத்தின் அடியிலேயே புகுந்து செல்லும் புகைவண்டியைப் பார்த்திராதவர் எம்மிடையே இல்லை. அதன் ஒரு பெட்டியைக் குறித்துக்கொண்டு பார்த்தால் எம் கண் அதனோடு வழுக்கிக்கொண்டு செல்லும். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டீபென்டோர்ப், டொட்ஜ் என்னும் இருவர், ஊசலாடும் பொருளொன்றை நோயாளர் கண் தொடரும் வகையைப் புகைப்படக் கருவியாற் பதிந்தனர். மனச்சிதைவு நோயாளரின் கண்கள் வழுக்கிச் செல்லாது பின்தங்கித் தாவித் தாவிப் பிடித்தன. நெடுங்காலம் பலரும் மறந்திருந்த இம்முடிபை 1973இல் பிலிப் ஹோல்ஸ்மன் என்பவர் மீண்டும் கண்டார். அடுத்த ஆண்டில், நோயற்ற நெருங்கிய உறவினர் பலரிடமும் அத்தாவல் உண்டெனக் காட்டினார். எனவே இது மருந்தினால் வந்ததன்று, சோம்பலினால் வந்ததுமன்று, குடும்பவழி வரும் ஓர் இயல்போடு தொடர்புடையது என்பது பெறப்பட்டது. முகங்களைப் பார்க்கும்போது நோயாளரின் பார்வை ஓரிடத்தில் நெடுநேரம் தங்குவதையும், கண், வாய் முதலிய உணர்ச்சி காட்டும் இடங்களிற் குறைவாய்ச் செல்வதையும் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. பேசும்போது முகத்தைப் பாராதிருக்கின்றான், மரியாதை தெரியாதவன் என்று நாம் கோபிப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாய் இருத்தல் கூடும்.

மாணவர் விரும்பக்கூடிய சோதனை ஒன்றுண்டு. அம்பலாங்கொடையிற் செய்யும் மரமுகமூடியையோ, கடையில் விற்கும் காகித முகமூடியையோ எடுத்து, அதன் குழிந்த உட்புறத்தைச் சற்றுத் தொலைவில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க. குழிவு மறைந்து, மூக்கு வெளியே நீட்டிய முழுமுகமே தோன்றும். முகம் எப்போதும் புடைத்தே இருக்கும் என்ற பழைய அறிவு, கண் கொண்டுவந்த உண்மையை வென்றுவிடுகின்றது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிரெகரி இம்மயக்கத்தைப் பெரிதும் விளக்கினார். மனச்சிதைவு நோயாளருட் பலர் இதில் மயங்குவதில்லை. குழிவைக் குழிவாகவே காண்கின்றனர். ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்து இதனை உறுதிசெய்தது. இதனையொத்த முடிபொன்றை 2005இல் லண்டனில் டேக்கின் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் கண்டனர். ஒரு வட்டத்தைச் சுற்றி அழுத்தமான கோலமிருந்தால் நடுவட்டம் எமக்கு மங்கித் தோன்றும். நோயாளர் அவ்வட்டத்தின் உண்மையான அழுத்தத்தை எம்மினும் செம்மையாய் மதித்தனர்.

இங்கு ஒரு கணம் நின்று எண்ணுதல் நன்று. மயங்காமை நோயின் குறி. மயங்குதல் நலத்தின் குறி. அன்றாட வாழ்வில் கண்ணின் செய்தியைச் சூழலோடும் பழைய அறிவோடும் சேர்த்து மனம் திருத்திக்கொண்டேயிருக்கின்றது. அத்திருத்தம் தளர்ந்தால் முகமூடியின் குழிவு சரியாய்த் தெரியும். ஆனால் சந்தைக் கூட்டத்தில் ஒரு தெரிந்த முகத்தைக் கண்டுபிடித்தல் அரிதாகும்.

கட்புலனின் பங்கைக் காட்ட எடுத்தாளப்படும் மற்றொரு செய்தியில் வாசகர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பிறவியிலேயே மூளையின் பார்வைப் பகுதி கெட்டுக் குருடானோருக்கு இந்நோய் வருவதில்லை என்று பலர் எழுதுகின்றனர். மேற்கு அவுஸ்திரேலியாவில் 1980 முதல் 2001 வரை பிறந்த 460,000க்கு மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, அத்தகைய குருடர் 66 பேரில் ஒருவருக்கும் இந்நோய் இருக்கவில்லை. வியப்பாய்த் தோன்றும். ஆனால் அம்மக்களுள் நோய் கண்டோர் ஆயிரத்துக்கு நால்வர் அளவினரே; 66 பேரில் ஒருவரும் இல்லாமை தற்செயலாகவும் நிகழலாம். கணித வகுப்பு மாணவர் இதனைச் செய்துபார்க்கலாம்.

எமக்கு அணித்தான இடமொன்றில் வழங்கும் சோதனையையும் சொல்வோம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிலையமாகிய நிம்ஹான்ஸ், இந்திய மக்களுக்கேற்ற சோதனைத் தொகுதியொன்றை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் ஒரு தாள். வரிக்கு 30 ஆக 50 வரிகளில் இலக்கங்கள் ஒழுங்கின்றி அச்சிடப்பட்டிருக்கும். 6, 9 ஆகிய இரண்டை மட்டும் தேடி வெட்டிக்கொண்டு செல்லவேண்டும். எடுத்த நேரமும் விட்ட பிழையும் கணக்கிடப்படும். வேறெதுவுமில்லை. எழுத்தறிவு அதிகம் வேண்டியதில்லை, ஆங்கிலம் வேண்டியதேயில்லை. பச்சைக்குள் கொழுந்தைத் தேடுவதும் 1,500 இலக்கங்களுள் ஆறையும் ஒன்பதையும் தேடுவதும் ஒரே தொழில். மனச்சிதைவு நோயாளர் இத்தகைய சோதனைகளிற் பொதுவாய்த் தாமதிப்பர், தவறவிடுவர். ஆனால் இது கூட்டத்தைப் பற்றிய கூற்று. சோதனையிற் பிந்திய ஒருவரை நோயாளர் என்றல் பெருந்தவறு. நித்திரையின்மை, பசி, துயரம், பார்வைக் குறைவு எதுவும் ஒருவரைப் பிந்தவைக்கும். நோயை அறுதியிடுவது மருத்துவரின் வேலை. அவரும் தாளைக்கொண்டு மட்டும் அறுதியிடார்.

இவற்றையெல்லாம் யாம் நூலிற் படித்தது பிற்காலத்தில். படித்திராத காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். 1994ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் எம்மிடம் தாவரவியல் கற்ற மாணவன் ஒருவன் ஸ்பிரிங்வெளியிலிருந்து வருபவன். சாதாரண தரத்தில் நன்றாய்த் தேறியவன். படம் வரைவதிற் கைதேர்ந்தவன். அவ்வாண்டின் நடுவில் அவன் மாறினான். கரும்பலகையின் எழுத்தைப் பாராது பலகையின் வெடிப்பைப் பார்த்திருப்பான். யாம் பெயர் சொல்லி அழைத்தால் யன்னலுக்கு வெளியே யார் அழைத்தார் என்பது போலத் திரும்புவான். தேயிலையை வரையச் சொன்னபோது ஒருநாள் முழுத்தாளையும் நரம்புகளாலும் பூச்சித் துளைகளாலும் நிரப்பிக் கொணர்ந்தான். ஒவ்வொரு நரம்பும் மெய்யாகவே இருந்தது. இலையின் வெளிவரை மட்டும் இல்லை. "ஐயா, எல்லாந் தெரியுது, எங்க நிப்பாட்டுறதெண்டு தெரியேல்ல" என்றான். அதனை யாம் துடுக்கு என்று கொண்டோம். வகுப்பின்முன் தாளை உயர்த்திக் காட்டி நகைத்தோம், பிரம்பையும் எடுத்தோம். மறுமாதம் அவன் வரவில்லை. காதற் பித்து என்றார் சிலர், படிப்புச் சுமை என்றார் சிலர். யாம் விசாரிக்கவில்லை.

வீட்டார் முதலிற் கோயிலுக்குச் சென்றனர், கயிறு கட்டினர், பேயோட்டுவாரை அழைத்தனர். அதனை யாம் குறைகூறோம்; படித்த யாம் செய்ததை நோக்க அவர்கள் செய்தது அன்பின்பாற்பட்டது. ஆனால் ஏறத்தாழ இரண்டாண்டு கழிந்தபின்னரே அவன் மருத்துவரைக் கண்டான். நோய் தொடங்கியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடையேயுள்ள காலம் நீள நீள, நலமடைதலும் கடினமாகின்றது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்விரண்டாண்டிற் சில மாதங்களை யாமும் வீணாக்கினோம்.

மருந்தின் வரலாற்றை நீட்டவேண்டியதில்லை. 1952இல் பாரிஸ் நகரிற் குளோர்புரோமசீன் பயனுள்ளதெனக் காணப்பட்டது. பின்னர் வேறு பல வந்தன. முற்காலத்தில் ஊவாவிலிருந்து இந்நோயாளரை வீட்டினின்றும் பிரித்து, 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை மருத்துவமனைக்கு அனுப்புதல் வழக்கமாயிருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கைக்குப் பின் மாவட்டங்களிலேயே சிகிச்சை அளிக்கும் முறை பரவிற்று. பதுளை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கொடை மருத்துவமனை இன்று தேசிய மனநல நிறுவகம் என வழங்குகின்றது. அதன் தொலைபேசி உதவிச் சேவையின் எண்ணும் 1926 ஆகும். நோய் வந்தால் வாழ்வு முடிந்தது என்போருக்குச் சென்னையின் அனுபவத்தைச் சொல்வோம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராயிருந்த டொக்டர் சாரதா மேனன் 1984இல் 'ஸ்கார்ப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நகரில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோய் கண்ட 90 பேரைத் தெரிந்து, டொக்டர் தாராவும் உடனிருந்தோரும் ஆண்டுக்கணக்காய்த் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டு முடிவிற் பெரும்பாலோரின் நோய்க்குறிகள் பெரிதும் தணிந்திருந்தன.

ஆயினும் ஒன்றை வீட்டாரும் முதலாளிமாரும் அறியவேண்டும். மருந்து குரல்களை அடக்கும்; பொய்முத்திரைகளை அழிக்கும்; ஆனால் கவனக் குறையை அந்த அளவுக்கு நீக்குவதில்லை. குரல் நின்றுவிட்டது, இனி ஏன் வேலைக்குப் போகவில்லை, ஏன் புத்தகத்தை எடுத்துவிட்டு வைத்துவிடுகின்றான், சோம்பல்தானே என்று கேட்கும் தகப்பன்மாரை யாம் கண்டிருக்கின்றோம். அவனுடைய கண்முன் இன்னும் நிரை முழுவதும் பச்சையாகவே நிற்கின்றது. ஒரு வேளையில் ஒரு வேலை, மேசையில் ஒரு பொருள், சொல்வதானால் ஒரு வாக்கியம், இரைச்சல் குறைந்த இடம், முன்னறிந்த ஒழுங்கு: இவ்வளவே கொடுத்தாலும் பெரும் வேறுபாடு தெரியும். கவனத்தைப் படிப்படியாய்ப் பயிற்றும் முறைகளும் இன்று உள. பிற தொழிற்பயிற்சிகளோடு சேர்த்தால் அவை நற்பயன் தருகின்றன.

வகுப்பறையில், நன்றாய்ப் படித்த மாணவன் ஒருவன் சில மாதங்களுள் தன்னிலும் மாறித் தோன்றினால், நண்பரை விட்டு ஒதுங்கினால், காண்பதும் கேட்பதும் மாறிவிட்டன என்று தானே சொன்னால், ஆசிரியர் அவனைத் தனியே அழைத்துப் பேசுக; பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் செல்லுமாறு கூறுக. கவனிக்காத மாணவர் எல்லோரும் நோயாளர் அல்லர். பெரும்பாலோர் கிரிக்கெட்டை நினைந்திருப்போரே. மாறுதலே நோக்கற்பாலது.

எம் மாணவன் இருமுறை நோய் மீண்டு வந்து, இருமுறையும் தேறினான். இப்போது மாதந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குத் தவறாது செல்கின்றான். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உதவியாளனாய் வேலை செய்கின்றான். எடை சொல்வது, எழுதுவது இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலாதாதலால் எழுதும் வேலை மட்டும் அவனுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. சென்ற தைப்பொங்கலன்று எம் இல்லம் வந்தபோது சட்டைப்பையில் ஒரு காட்போட் மட்டை இருந்தது. நடுவே ஒரு வரியளவுக்கு நீளமாய் வெட்டப்பட்டிருந்தது. பத்திரிகையின்மேல் அதனை வைத்தால் ஒரு வரியே தெரியும். படித்தபின் கீழே நகர்த்திக்கொள்வான். யாரும் கற்பிக்கவில்லை, தானே வெட்டியது என்றான். எம் மேசையிலிருந்த நாளிதழின் முதற்பக்கம் முழுவதையும் அவ்வாறே படித்து முடித்தான். இம்மலர் வெளிவந்தபின் ஒரு படி அவனுக்கும் தருவதாகச் சொல்லியிருக்கின்றோம்.